ஃபிலிபஸ்டர்: கொள்ளைக்காரன் பெயர் சபைக்கு வந்த கதை

அமெரிக்க செனட்டில் பிடிக்காத மசோதா வந்தால், ஓர் உறுப்பினர் எழுந்து மணிக்கணக்கில் பேசி வாக்கெடுப்பையே தள்ளிப்போடலாம். இதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். 1957இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கவந்த மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார்.

சொல் பிறந்தது கடலில். கொள்ளைப்பொருள் தேடித் தன் போக்கில் திரிபவனை டச்சுக்காரர்கள் 'வ்ரைபௌட்டர்' என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலில் ஸ்பானியக் கப்பல்களை மறித்தவர்களுக்கு அது பெயராயிற்று. ஸ்பானியர் வாயில் 'ஃபிலிபுஸ்தெரோ' ஆனது.

1850களில் அந்தப் பழஞ்சொல்லுக்கு மறுபடி வேலை வந்தது. காரணம் செனட் கணக்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள். 1850இல் கலிஃபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்ததும் 15க்கு 15 என்றிருந்த சமநிலை குலைந்தது. புதிய அடிமை மாநிலம் தேடிய தெற்கத்திய அரசியல்வாதிகள் சிலரின் கண் கரும்பும் அடிமைகளும் ஏற்கெனவே இருந்த கியூபாமீது விழுந்தது. ஸ்பெயின் விற்க மறுத்தது. அரசு செய்ய முடியாததைத் தனியார் படைகள் செய்யப் புறப்பட்டன; அவர்களுக்குத்தான் ஃபிலிபஸ்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நடுநிலைமைச் சட்டம் அதைக் குற்றம் என்றாலும், நியூ ஆர்லியன்ஸில் ஆளுக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லை. 1851இல் அப்படியொரு படைக்குத் தலைமை தாங்கிய நார்சிஸோ லோபெஸ் கியூபாவில் இறங்கிப் பிடிபட்டார். ஹவானாவில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவரோடு போன வில்லியம் கிரிட்டெண்டனும் ஏறக்குறைய ஐம்பது பேரும் அதற்கு முன்பே சுடப்பட்டிருந்தார்கள்.

இவர்களில் பெரிய ஆள் டென்னஸியில் பிறந்த வில்லியம் வாக்கர். மருத்துவம் படித்து, வக்கீலாகி, பத்திரிகை நடத்தியவர். 1855இல் நிகராகுவாவின் உள்நாட்டுச் சண்டையில் ஒரு கட்சி அழைக்க, அறுபது பேர்கூட இல்லாத படையோடு போனார். மறு வருடமே ஜனாதிபதியாகிவிட்டார். அந்த நாடு 1824லேயே ஒழித்திருந்த அடிமைமுறைக்கு 1856 செப்டம்பரில் ஓர் ஆணையால் மீண்டும் வழிவிட்டார். கொள்கைப் பிடிப்பைவிட, தெற்கின் பணமும் ஆட்களும் வரட்டும் என்ற கணக்கே அதில் எனக்குத் தெரிகிறது. அண்டை நாடுகள் சேர்ந்து விரட்டின. 1860இல் ஹோண்டுராஸில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

சொல் அதற்குள் சபை ஏறிவிட்டது. 1853இல் கியூபாவைக் கைப்பற்றும் ஆசையை வெனபிள் என்ற உறுப்பினர் கண்டித்துப் பேச, மிசிசிப்பியின் ஆல்பர்ட் பிரவுன் அவரைப் பார்த்து, நீர்தான் அமெரிக்காவுக்கு எதிராக ஃபிலிபஸ்டர் செய்கிறீர் என்ற பொருளில் மடக்கினார். கொள்ளையை எதிர்த்தவருக்கே கொள்ளைக்காரன் பட்டம்! பேசித் தடுப்பது என்ற இன்றைய பொருள் பிறகு மெல்லப் படிந்தது.

பழைய பொருளும் அப்போது உயிரோடிருந்தது. 1860 டிசம்பரில், அடிமைமுறையை ஒட்டி மூளவிருந்த உள்நாட்டுப் போரைத் தவிர்க்க செனட்டர் ஜான் கிரிட்டெண்டன் ஒரு சமரசம் கொண்டுவந்தார்: 36°30' கோட்டுக்குத் தெற்கே, இனிமேல் சேரும் நிலத்திலும், அடிமைமுறை இருக்கலாம். லிங்கன் இசையவில்லை. அப்படி விட்டால் ஃபிலிபஸ்டர் படையெடுப்புகள் உடனே மறுபடி தொடங்கிவிடும் என்று தன் கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதினார். ஹவானாவில் சுடப்பட்ட வில்லியம் கிரிட்டெண்டன், இந்த செனட்டரின் உடன்பிறந்தார் மகன்.