சங்கிலி இரம்பம்

சங்கிலி இரம்பம் என்பது, வெட்டும் பற்கள் கொண்ட முடிவிலாச் சங்கிலியொன்று நீண்ட தகட்டின் விளிம்பைச் சுற்றி விரைந்தோடி மரத்தை அறுக்கும், கையில் ஏந்தி இயக்கப்படும் பொறி ஆகும். இது சங்கிலி வாள் எனவும், பேச்சு வழக்கில் செயின் சா, மரம் அறுக்கும் மிஷின் எனவும் அழைக்கப்படுகிறது. காடுகளில் மரம் வீழ்த்தவும், தோப்புகளில் பட்ட மரங்களை அகற்றவும், நகரங்களில் கிளை கழிக்கவும், புயலுக்குப் பின் சாலைகளைத் திறக்கவும் இது பயன்படுகிறது.

ஒரே பொறி இப்பணிகள் அனைத்துக்கும் பொருந்துவதில்லை. ஆகவே ஒரு பண்ணையோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, ஊராட்சியோ இரண்டு மூன்று பொறிகள் கொண்ட சிறு தொகுப்பை வைத்திருப்பது பயனுடையது. இக்கட்டுரை பொறியின் அமைப்பைச் சுருக்கமாகவும், அத்தகைய தொகுப்பை அமைக்கும் முறையைச் சற்று விரிவாகவும் விளக்குகிறது. திருச்சிராப்பள்ளியின் மதுரைச் சாலையை ஒட்டிய எடமலைப்பட்டி புதூர் போன்ற நகர்ப்புறப் பகுதியும், அங்கிருந்து கிழக்கே விரியும் காவிரி வடிநிலத் தென்னந்தோப்புகளும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

வரலாறு

சங்கிலியால் அறுக்கும் கருத்து முதலில் தோன்றியது மருத்துவத்தில் என்பது பலருக்கு வியப்பளிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுக்க வளையும் சங்கிலி வாளைப் பயன்படுத்தினர். 1830 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைன, கைப்பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஓடும் எலும்பு அறுவைக் கருவியை உருவாக்கினார். மரம் அறுக்கும் பொறிகள் அதற்கு நெடுநாள் பின்னரே வந்தன. ஜெர்மனியில் 1926 இல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் இயங்கும் பொறியையும், 1927 இல் எமில் லெர்ப் பெட்ரோலால் இயங்கும் பொறியையும் செய்தனர். லெர்ப் தம் பொறியைச் சோதித்த டோல்மார் மலையின் பெயரே அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. அக்காலப் பொறிகளை இருவர் சேர்ந்தே தூக்க வேண்டியிருந்தது.

இன்றைய சங்கிலியின் வடிவம் அமெரிக்க மரவெட்டியான ஜோசப் காக்ஸ் என்பவருக்குரியது. மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதைக் கண்ட அவர், அதே முறையில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி வரும் சங்கிலியை வடிவமைத்தார். 1947 இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் அதன் உற்பத்தி தொடங்கியது. இன்று விற்கப்படும் சங்கிலிகளில் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

அமைப்பு

பெட்ரோல் பொறிகளில் ஈரடிச் சுழற்சி எந்திரம் ஒன்று உள்ளது. வேகம் கூடும்போது மையவிலக்குக் கிளட்ச் பற்றிக்கொண்டு பற்சக்கரத்தைச் சுழற்ற, அது சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடும். சங்கிலி ஓடும் தகட்டினைத் தொழிலாளர் பார் என்பர். தகட்டின் பள்ளத்தில் எண்ணெய் இடைவிடாது சொட்ட வேண்டும். இதற்கெனத் தனித் தொட்டி உண்டு.

முன் கைப்பிடிக்கு மேலுள்ள காப்பு, சங்கிலித் தடையின் நெம்புகோலாகவும் செயற்படுகிறது. தகட்டு நுனியின் மேற்கால் பகுதி மரத்தைத் தொட்டால், பொறி இயக்குபவரின் முகத்தை நோக்கி நொடிப்பொழுதில் எகிறும். இது பின்னுதைப்பு எனப்படும். அப்போது கையின் அழுத்தத்தாலோ பொறியின் விசையாலோ தடை விழுந்து சங்கிலி நின்றுவிடும். தடை வேலை செய்யாத பொறி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தொகுப்பில் சேர்க்கலாகாது.

மின்கலப் பொறிகளில் எந்திரத்தின் இடத்தை மின்னோடி பெறுகிறது. ஒலியும் புகையும் குறைவு. கிளை கழிக்கும் பணிக்கு அது போதும். ஆனால் புயலுக்குப் பின் மின்சாரம் பல நாள் வராத ஊரில் மின்கலத்தை மின்னேற்ற வழியிராது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரத்தை முதலில் அறிதல்

கடைக்குச் செல்லுமுன் அறுக்கப்போகும் மரங்களைக் கணக்கெடுப்பதே சரியான வரிசை. எடமலைப்பட்டி புதூர் போன்ற பகுதியில் வீட்டுக் கொல்லைகளில் தென்னை, வேம்பு, முருங்கை ஆகியனவும், சாலையோரங்களில் புங்கன், தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை ஆகியனவும், ஆற்றங்கரைகளிலும் தரிசுகளிலும் சீமைக் கருவேலமும் காணப்படும். இவை ஒவ்வொன்றும் சங்கிலியை ஒவ்வொரு விதமாகச் சோதிப்பவை. முருங்கைக்குப் பொறியே வேண்டியதில்லை, அரிவாள் போதும். சீமைக் கருவேலம் பருத்திராது. எனினும் கடினமானது, முள் நிறைந்தது, தரையோடு ஒட்டிப் பல தண்டுகளாகக் கிளைப்பது. அதை அடியில் அறுக்கையில் சங்கிலி மண்ணைத் தொட்டுவிடும். மண் ஒருமுறை பட்டாலும் கூர் போய்விடும்.

தென்னை தனி இனம். அதன் தண்டில் ஆண்டு வளையங்கள் இல்லை; வெளிப்புறம் அடர்ந்த நார்களால் கெட்டியாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். ஈர நார் பற்சக்கரத்தின் மூடிக்குள் சுருண்டு அடைத்துக்கொள்ளும். சில மரங்களுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றித் துடைக்காவிட்டால் எண்ணெய் செல்லும் வழியும் அடைபடும். பனையின் புறவைரம் தென்னையினும் கடியது.

பொறிகளைத் தேர்ந்தெடுத்தல்

பொறியின் ஆற்றல் பொதுவாக எந்திரக் கொள்ளளவால் குறிக்கப்படுகிறது. மூன்று பொறிகள் கொண்ட தொகுப்பு ஒன்றில், 30 முதல் 35 கன செ.மீ. கொள்ளளவும் 35 செ.மீ. தகடும் கொண்ட சிறிய பொறி ஒன்று கிளைகளுக்கு வேண்டும். இதன் எடை தகடும் சங்கிலியும் நீங்கலாக ஏறத்தாழ 4 கிலோ. அடுத்தது 45 முதல் 50 கன செ.மீ. வரையுள்ள நடுத்தரப் பொறி. இதற்கு 40 அல்லது 45 செ.மீ. தகடு பொருந்தும். முதிர்ந்த தென்னையின் தண்டு பெரும்பாலும் 25 முதல் 35 செ.மீ. விட்டமே உடையதாகையால், தொகுப்பின் பெரும்பகுதி வேலையை இப்பொறியே செய்யும். ஒன்றுதான் வாங்க இயலும் என்றால் இதனையே வாங்க வேண்டும். மூன்றாவது, 65 முதல் 72 கன செ.மீ. வரையுள்ள பெரிய பொறி. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி, பழம்புளி, ஆல் ஆகியவற்றின் அடிமரத்துக்கு மட்டுமே இது தேவைப்படும். ஆண்டில் சில நாட்களே வேலை என்றால் வாடகைக்கு எடுப்பது மேல்.

இன்று 52, 58 கன செ.மீ. எனக் குறிக்கப்பட்டு 55 செ.மீ. தகட்டுடன் வரும், அதிகம் அறியப்படாத பெயர்களுடைய மலிவுப் பொறிகள் கடைகளில் நிறைந்துள்ளன. நீண்ட தகடு வாங்குவோரைக் கவர்கிறது. ஆனால் ஆற்றலுக்கு மீறிய தகடு சங்கிலியின் வேகத்தைக் குறைக்கும். பொறியும் நுனிகனத்துக் கையைச் சோர்வடையச் செய்யும். தகட்டின் நீளத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விட்டமுள்ள மரத்தையும் இருபுறமிருந்து அறுத்து முடிக்கலாம் என்பதால், குறுகிய தகடு ஒரு குறையன்று.

இரண்டாவது பொறியின் தேவைக்கு வேறொரு காரணமும் உண்டு. அறுக்கும்போது மரம் அமுங்கி முதற்பொறியின் தகட்டைக் கவ்விக்கொள்வது அன்றாட நிகழ்ச்சி. அப்போது அதனை விடுவிக்க மற்றொன்று வேண்டும். இரண்டாவது பொறி இல்லாதவர்கள், ஆப்புகளையும் மாற்றுத் தகடொன்றையும் சங்கிலியொன்றையும் கைவசம் வைத்திருப்பர். சிக்கிய தகட்டிலிருந்து எந்திரத்தைக் கழற்றி, மாற்றுத் தகட்டைப் பூட்டி வேலையைத் தொடரலாம்.

உயரத்துக் கிளைகளுக்குத் துரட்டி போன்ற நீண்ட கம்பின் நுனியில் சிறு சங்கிலி பொருத்திய பொறி உண்டு. ஏணியில் நின்று சாதாரணப் பொறியை இயக்குவதைக் காட்டிலும் இது பாதுகாப்பானது. மின்கம்பியின் அருகில் இதனையும் பயன்படுத்தக் கூடாது.

சங்கிலியும் அரமும்

மாற்றுச் சங்கிலி வாங்க மூன்று எண்கள் தெரிந்திருக்க வேண்டும்: அடுத்தடுத்த மூன்று தறையாணிகளுக்கு இடைப்பட்ட தொலைவில் பாதியான கண்ணி இடைவெளி, தகட்டுப் பள்ளத்தில் இறங்கும் கண்ணியின் தடிப்பு, அத்தகைய கண்ணிகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் இவை தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இடைவெளி 0.325 அங்குலம், 3/8 அங்குலம் ஆகியவை மிகுதியாக வழங்குகின்றன, தடிப்பு 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என வரும். ஓர் எண் மாறினாலும் சங்கிலி பொருந்தாது. தொகுப்பின் பொறிகள் இயன்றவரை ஒரே அளவுச் சங்கிலியை ஏற்குமாறு அமைத்துக்கொண்டால் அரமும் உதிரிகளும் பொதுவாகிவிடும். வெவ்வேறு நிறுவனங்களின் பொறிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்போர் இதனை மறந்து, பின்னர் நான்கு வகைச் சங்கிலிகளோடு இடர்ப்படுவர்.

தீட்டுவதற்கு உருளை அரம் வேண்டும். சிறு பொறிகளில் வரும் தாழ்ந்த வகை 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4.0 மி.மீ. அரமும், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. அரமும் பொதுவானவை. பெரும்பாலான சங்கிலிகளின் பல்லை 30 பாகைக் கோணத்தில், உட்புறமிருந்து வெளிப்புறமாக, எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அராவ வேண்டும். ஒருபக்கப் பற்கள் குட்டையானால் அறுப்பு வளைந்து செல்லும். பல்லுக்கு முன்னுள்ள ஆழவரம்பு முனை, பல் தேயத் தேயத் தாழ்த்தப்பட வேண்டும். பல்லின் உச்சிக்கும் அதற்கும் ஏறத்தாழ 0.65 மி.மீ. வேறுபாடு வழக்கமானது. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் பின்னுதைப்பு கூடும்.

கூரான சங்கிலி மரத்தைச் சிம்புகளாகத் தள்ளும். மாவு போன்ற தூள் விழுந்தால் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் பொறியை அழுத்தி அறுப்போர் தகட்டையும் கிளட்சையும் ஒருங்கே கெடுக்கின்றனர். தென்னையும் சீமைக் கருவேலமும் மிகுந்த வேலையில், எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அரத்தைக் கையிலெடுப்பது நல்ல பழக்கம். தீட்டத் தெரிந்த ஒருவர் இல்லாத இடத்தில் நான்காவது பொறி வாங்குவதால் பயனில்லை. அப்பணத்தை ஒருவரின் பயிற்சிக்குச் செலவிடலாம்.

புயலில் சாய்ந்த மரங்கள்

2011 திசம்பர் 30 அன்று கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயல் பண்ருட்டி வட்டாரத்துப் பலா, முந்திரி மரங்களையும், 2016 திசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் சென்னையின் சாலையோர மரங்களையும் பெருமளவில் வீழ்த்தின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தமிழக அரசு அப்போது மரமொன்றுக்கு அறிவித்த 1,100 ரூபாய் நிவாரணத்தில் 500 ரூபாய், மரத்தை வெட்டி அகற்றுவதற்கென ஒதுக்கப்பட்டது. அகற்றும் செலவே எத்துணைப் பெரிதென்பதை இது காட்டும். மேலும், அழுகும் தென்னந்தண்டுகளில் காண்டாமிருக வண்டு இனப்பெருக்கம் செய்து, தப்பிய மரங்களையும் இளங்கன்றுகளையும் தாக்கும். எனவே அகற்றுவதைத் தள்ளிப்போட இயலாது.

சாய்ந்த மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்தானது. வளைந்து நிற்கும் தண்டின் ஒருபுறம் இழுவிசையிலும் மறுபுறம் அமுக்கத்திலும் இருக்கும். இழுவிசைப் புறத்தை முதலில் அறுத்தால் தண்டு பிளந்து வில்லைப் போல் தெறிக்கும். அறுப்பவர் உயிரிழக்கவும் கூடும். அமுக்கப் புறத்தில் சிறிதளவு அறுத்துவிட்டு, மறுபுறத்தில் மெல்ல மெல்ல அறுத்து முடிப்பதே முறை. வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு பழைய குழிக்குள் திரும்பி விழலாம். குழியருகில் எவரும், குறிப்பாகச் சிறுவர்கள், நிற்கக் கூடாது. கம்பிமேல் விழுந்த மரத்தை, மின்வாரியத்தார் மின்னோட்டம் நிறுத்தப்பட்டதை நேரில் உறுதி செய்யும்வரை தொடலாகாது. அக்கம்பக்கத்து மின்னாக்கிகளிலிருந்தும் கம்பிக்கு மின்சாரம் வரக்கூடும்.

வீடுகளுக்கிடையே நிற்கும் தென்னையை அடியில் அறுத்துச் சாய்க்க இடமிராது. மரமேறத் தெரிந்தவர் உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து வடக்கயிற்றில் இறக்குவர். இப்பணி தேர்ந்தவர்களுக்கே உரியது; தொகுப்பு வைத்திருப்போர் முயன்று பார்க்கத்தக்கதன்று.

பாதுகாப்பு உடைமைகள்

பொறியின் ஒலி பெரும்பாலும் 100 டெசிபலுக்கு மேற்பட்டது. காதுமூடி, முகவலையுடன் கூடிய தலைக்கவசம், கெட்டிக் காலணி ஆகியவை வேண்டும். சங்கிலிக்கெதிரான காலுறையில் உள்ள நீண்ட இழைகள், சங்கிலி பட்டதும் வெளிவந்து பற்சக்கரத்தைச் சுற்றி நிறுத்திவிடும். நம் வெயிலில் இதை அணிவது துன்பமே. ஆயினும் இடத்தொடையில் படும் காயம் மிகுந்த குருதியிழப்பைத் தருவது. வேட்டியோடும் செருப்போடும் இப்பொறியை இயக்குவது பரவலாகக் காணப்படும் தவறாகும். பொறியின் விலையோடு இவற்றின் விலையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எரிபொருளும் சேமிப்பும்

பெரும்பாலான இன்றைய பொறிகள் 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஈரடி எண்ணெய் கேட்பவை. அதாவது லிட்டருக்கு 20 மி.லி. கலக்காத பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். தொகுப்பில் எல்லாப் பொறிகளும் ஒரே கலவையை ஏற்பது நல்லது. கலவைக் கலத்தின் மேல் நாளைக் குறித்து வைக்க வேண்டும்.

இந்தியாவில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாகப் பரவியுள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது; நாளடைவில் நீரோடு அடியில் பிரிந்து நிற்கும், இரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் மென்படலத்தையும் கெடுக்கும். சில உற்பத்தியாளர்கள் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்பதில்லை என்பதால், வாங்குமுன் கையேட்டில் இதனைப் பார்க்க வேண்டும். புயற்காலத்துக்கென வைக்கப்படும் பொறியின் தொட்டியை வடித்து, எந்திரம் தானே நிற்கும்வரை ஓட்டி, உலர்ந்த இடத்தில் வைப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பரில் ஒருமுறை எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்துவிட வேண்டும்.

சட்டம்

பிலிப்பீன்சில் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சங்கிலி இரம்பம் வைத்திருக்கவே பதிவு வேண்டும். இலங்கையிலும் 2019 இல் உரிமையாளர்கள் தம் பொறிகளைப் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டனர். தமிழகத்தில் பொறியைக் காட்டிலும் மரமே சட்டத்தின் கவனத்துக்குரியது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955 ஆம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். பொது இடத்து மரங்களுக்கு 2021 இல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தன மரத்துக்குத் தனி விதிகள் உள்ளன. எனவே தெருவோர வேம்பின் கிளை வீட்டுக் கூரையில் உரசினாலும், அதன்மீது சங்கிலியை வைக்குமுன் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.