மெரியனுக்குச் சொன்ன பெண்கள்

புழுக்கள் சேற்றிலிருந்து தாமாகத் தோன்றுகின்றன என்று ஐரோப்பாவில் பலரும் நம்பிய காலம். ஃபிராங்க்ஃபர்ட்டில் 13 வயது மரியா சிபில்லா மெரியன் பட்டுப்புழுக்களை வளர்த்து, அவை உருமாறுவதைக் கவனிக்கத் தொடங்கினார். 1699இல், 52 வயதில், மகளுடன் டச்சுக் காலனியான சுரினாமுக்குக் கப்பலேறினார்.

1705இல் வெளியான அவருடைய நூலில், நம் தோட்டங்களிலும் பூக்கும் மயில்கொன்றையின் படம் இருக்கிறது. கூடவே ஒரு செய்தியும்: அடிமைப்படுத்தப்பட்ட பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று, இதன் விதையைக் கொண்டு கருவைக் கலைத்தார்கள். இதை அவர்களே தன்னிடம் சொன்னதாக மெரியன் எழுதுகிறார். அவர்களின் பெயர்களை எழுதவில்லை.

எந்த விதை என்ன செய்யும் என்பதும் பார்த்துப் பார்த்து அறிந்ததுதான். பூச்சியைக் கவனித்தவரை அறிவியலாளர் என்கிறோம். விதையைக் கவனித்தவர்களையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும்.