பனியூர்திப் பொறிச் சமனாக்கம்

பனியூர்திப் பொறிச் சமனாக்கம் என்பது பனியின் மேல் செல்லும் ஊர்திகளின் பொறியில் எழும் அதிர்வைக் குறைக்கும் முறையாகும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1959 இல் ஸ்கீ-டூ அறிமுகமானது. அதனைத் தொடர்ந்து 1960களில் வெளிவந்த பனியூர்திகள் பலவற்றில் ஒற்றை உருளை இருவீச்சுப் பொறிகள் பொருத்தப்பட்டன.

எதிர் எடை

பிஸ்டன் மேலும் கீழும் இயங்குவதால் தோன்றும் விசையைக் கிராங்க் தண்டிலுள்ள எதிர் எடை ஈடுசெய்கிறது. எதிர் எடை சுழல்வதால் பக்கவாட்டிலும் விசை உண்டாகும். பிஸ்டனின் விசையை முழுவதும் ஈடுசெய்தால் அதிர்வு திசை மாறுமேயன்றி மறையாது. எனவே ஏறத்தாழப் பாதியளவே ஈடுசெய்யப்படுகிறது.

உதிரிப் பாகங்கள்

பழைய பொறிகளின் பாகங்கள் பெரும்பாலும் பழுதடைந்த ஊர்திகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. அளவு பொருந்தினாலும் பிஸ்டனின் எடை வேறுபட்டால் சமநிலை குலையும். தாங்கிகள் விரைவில் தேயும். ஆகவே பிஸ்டன், அதன் ஊசி, வளையங்கள் ஆகியவற்றைப் பழையவற்றுடன் எடையிட்டு ஒப்பிட்ட பின்னரே பொருத்துதல் வேண்டும்.