சம்பளம் வாங்காத கால்கள்

சென்ற வருடம் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தினர் மலரொன்று வெளியிடத் தீர்மானித்தனர். கழக வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஆடியவன் அல்லன். சிறுவயது முதல் மைதான ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்தியவன். வாத்தியார் என்பதால் எழுத வரும் என்று நினைத்துவிட்டார்கள். பொறுப்பை ஏற்ற பின்னர்தான், எழுதுவதற்கு ஆதாரமே இல்லை என்பது தெரிந்தது. கூட்டக் குறிப்புகளும் அணிப் படங்களும் இருந்த அலுமாரியை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டு போய்விட்டது.

அந்த நாட்களில் ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் பாடம் முடிந்ததும் மேசையருகே வந்து நின்றான்.

"சேர், எங்கட மூத்தவாப்பா கிளப்புக்கு விளையாடினாராம். உம்மா சொல்றா. மெய்தானா?"

மெய்தான். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரைவலை இழுத்துவிட்டு வந்து, காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் பின்வரிசையில் நின்று ஆடியவர் அவர். ஆனால் அவருடைய பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பேரனுக்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று கொடுக்க என்னால் முடியவில்லை.

அவனுடைய கேள்வி, பல வருடங்களுக்கு முன்னர் வேறொரு மகன் தன் தகப்பனைப் பற்றிக் கேட்ட கேள்வியை எனக்கு நினைவூட்டியது. அதைச் சொல்வதற்கு நாம் பழைய கல்கத்தாவுக்குப் போக வேண்டும்.

கல்கத்தா உதைபந்தாட்ட லீக் 1898 இல் தொடங்கியது. முதல் முப்பத்தாறு வருடங்கள் அதன் கிண்ணம் பிரித்தானியப் படையணிகளையும் ஐரோப்பியரின் கழகங்களையும் விட்டு வெளியே போகவில்லை. இந்தியக் கழகங்களுக்கு முதலாம் பிரிவில் நீண்ட காலமாக மட்டுப்படுத்தப்பட்ட இடமே கொடுக்கப்பட்டிருந்தது. 1911 இல் மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலுடனேயே ஆடினர். ஆயினும் லீக் கிண்ணம் எட்டாக் கனியாகவே இருந்தது. அது வருடம் முழுவதற்குமான சோதனை. ஒருநாள் வீரம் அதற்குப் போதாது.

1891 இல் தோன்றிய மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 இல்தான் முதலாம் பிரிவுக்கு ஏறியது. அதற்கு முந்திய மூன்று வருடங்களும் கிண்ணம் டர்ஹம் படையணியிடம் இருந்தது. ஏறிய அந்த வருடமே மொஹமடன் அதைப் பறித்தெடுத்தது. 1938 வரை தொடர்ச்சியாக ஐந்து தடவை லீக் கிண்ணம், 1936 இல் ஐ.எப்.ஏ. கேடயம், 1940 இல் டெல்லியில் ரோயல் வோர்விக்ஷயர் படையணியை 2-1 என்று வென்று டூரண்ட் கிண்ணம் என்று அக்கழகம் வெற்றிகளைக் குவித்தது. கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் வாழ்த்துக் கவிதை எழுதுமளவுக்கு அது வங்காள முஸ்லிம்களின் பெருமையாக மாறியது. அரசியல் அந்தப் பெருமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டதும், மைதானத்து ஆரவாரம் சில வேளைகளில் சமூகங்களுக்கிடையிலான கசப்பாக மாறியதும் உண்மை. அதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் பேசுவது வரலாறாகாது.

இந்த வெற்றிகள் வெறும் உணர்ச்சியால் வந்தவையல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது. கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. காய்ந்த தரையில் வெறுங்கால் வீரனைப் பிடிப்பது கடினம். சேற்றில் அவன் வழுக்குவான், சப்பாத்துக்காரன் நிற்பான். மொஹமடன் கழகத்தார் ஈரத் தரையில் சப்பாத்து அணிந்து ஆடத் தம் வீரர்களைப் பழக்கினார்கள். வங்காளத்துக்கு வெளியே பெங்களூரிலிருந்தும் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் வீரர்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் 'அமெச்சூர்' என்ற சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூலிக்காக அன்றி விருப்பத்துக்காக ஆடுபவன் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்துக்குச் சம்பளம் கொடுப்பது 1885 இல் சட்டபூர்வமாக்கப்பட்டது. ஸ்கொட்லாந்தில் 1893 இல். அதனை எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள். சம்பளம் வாங்கினால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடும் என்றார்கள். ஆலையில் உழைத்தவனுக்கு ஆட்டத்துக்குப் போவது கூலி இழப்பு என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழகம் 1867 முதல் 2019 வரை சம்பளம் கொடுக்காமலே ஆடியது. அது போற்றத்தக்கதே. ஆனால் சும்மா ஆடுவதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் துணைக்கண்டத்தில் இந்தக் கணக்குத் தலைகீழாகியது. இங்கே பணக்காரனின் கொள்கையை ஏழைகளின் கால்கள் சுமந்தன. வீரர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும், சிலருக்கு உத்தியோகமும் கிடைத்தன. சம்பளம் என்ற பெயரில் எதுவும் இல்லை. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்ற இந்திய அணியிலும் பலர் வெறுங்காலர்கள். அதன் தலைவர் தலிமெரன் ஆவோ மருத்துவம் படித்தவர். பின்னர் வைத்தியராகப் பணியாற்றினார். படிப்பு அவரைக் காப்பாற்றியது. படிப்பில்லாதவனை எது காப்பாற்றும்?

முஹம்மத் ஸலீமின் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. கல்கத்தாவின் மெட்டியாபுரூசில் பிறந்த ஸலீம், மொஹமடன் கழகத்தின் அந்த வெற்றி அணியில் ஆடியவர். 1936 இல், இங்கிலாந்தில் வசித்த உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கப்பலேறி கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்துக்குச் சென்றார். வெறுங்காலுடன் ஆடுபவர் என்று உறவினர் சொன்னபோது செல்டிக் முகாமையாளர் வில்லி மெய்லிக்குச் சிரிப்பு வந்ததாம். ஆனாலும் ஆடிக் காட்டச் சந்தர்ப்பம் கொடுத்தார். பார்த்த பின்னர் சிரிப்பு நின்றுவிட்டது. ஸலீமின் பாதங்களுக்கு ஜிம்மி மெக்மெனமி துணி சுற்றிக் கட்டும் படம் இன்றும் இருக்கிறது. குனிந்து கட்டுபவர் செல்டிக்கின் புகழ்பெற்ற பழைய வீரர். அமர்ந்திருப்பவர் ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர். காலனித்துவ காலத்துப் படங்களில் இப்படியொன்றைக் காண்பது அரிது.

செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக ஸலீம் இரு போட்டிகளில் ஆடினார். ஹமில்ட்டன் அணியை 5-1 என்றும், கோல்ஸ்ட்டன் அணியை 7-1 என்றும் செல்டிக் வென்றது. ஸ்கொட்லாந்துப் பத்திரிகைகள் அவருடைய கால்விரல்களின் வித்தையை வியந்து எழுதின. ஆனால் அவரை ஊர் நினைவு வாட்டியது. கழகம் தங்கிவிடும்படி கேட்டது. தர்மப் போட்டியொன்று நடத்தி வசூலில் ஐந்து வீதம் தருவதாகவும் சொன்னது. தன் பங்கை அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுமாறு ஸலீம் கேட்டுக்கொண்டார். செல்டிக் 1887 இல் கிளாஸ்கோவின் ஏழை ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உணவளிப்பதற்காகவே தொடங்கப்பட்ட கழகம். அந்தக் கழகத்தின் ஆரம்ப நோக்கத்தை வெளியூரிலிருந்து வந்த இந்த முஸ்லிம் வீரர் தன் பங்குக்கு நிறைவேற்றிவிட்டு ஊர் திரும்பினார். மீண்டும் மொஹமடனுக்கு ஆடி லீக் கிண்ணங்களை வென்றார்.

வருடங்கள் கடந்தன. ஸலீம் முதுமையில் நோயுற்றிருந்தபோது அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தகப்பனாரின் வைத்தியத்துக்குப் பணம் தேவை என்று அதில் இருந்தது. கிளாஸ்கோவிலிருந்து நூறு பவுண் காசோலையுடன் பதில் வந்தது. மகன் அந்தக் காசோலையை மாற்றவில்லை. தனக்குப் பணம் நோக்கமில்லை, தகப்பனை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே எழுதியதாகப் பின்னர் சொன்னார். ஸலீம் 1980 இல் மௌத்தானார்.

இந்தச் சம்பவத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் ஓரிடத்தில் தடுக்கி நிற்கிறது. இரண்டே போட்டிகள் ஆடிய ஒருவரைக் கடல் கடந்த கழகம் நாற்பது வருடங்களுக்குப் பின்னரும் அடையாளம் கண்டுகொண்டது. அதற்குக் காரணம் அன்பு மட்டுமல்ல. அங்கே படமும் பத்திரிகையும் குறிப்பும் இருந்தன. சம்பளம் வாங்காத ஆட்டக்காரனுக்குச் சமூகம் கொடுக்க வேண்டிய கூலி ஒன்றே ஒன்றுதான். அவனுடைய பெயரை நினைவில் வைத்திருப்பது. அதையும் கொடுக்காவிட்டால் நாம் அவனை இலவசமாக வேலை வாங்கியவர்களாகிறோம்.

மொஹமடன் கழகம் இன்றும் வாழ்கிறது. பிரிவினையின் பின்னர் பல வீரர்கள் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனார்கள்; கழகம் தளர்ந்தது; நெடுங்காலம் வாடியது. 2024 இல் ஐ-லீக்கை வென்று இந்தியன் சுப்பர் லீக்குக்கு ஏறியது. இப்போது அங்கே சம்பளமும் ஒப்பந்தமும் உண்டு. அதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. உழைத்தவன் வியர்வை உலருமுன் கூலி பெற வேண்டும் என்பது நமக்குப் போதிக்கப்பட்டதுதானே.

எங்கள் ஊர்க் கழகமும் சில சுற்றுப்போட்டிகளுக்கு வெளியூர் வீரரைப் பணம் கொடுத்து அழைக்கிறது. முன்பெல்லாம் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த எரிச்சல் திசை மாறிவிட்டது. வந்து ஆடுபவன் தன் கூலியைப் பெற்றுப் போகிறான். அவனுக்கு நாம் கடன்காரரல்லர். இருபது வருடம் ஆடிவிட்டு ஒரு சோடாவும் அரைத் தோடம்பழமும் மட்டுமே பெற்ற எங்கள் சொந்த வீரர்களுக்குத்தான் நாம் கடன்காரர்.

ஆகவே மலருக்கான வரலாற்றை எழுதுவதை நிறுத்திவிட்டு, பெயர்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் அஸர் தொழுகைக்குப் பின்னர் கொப்பியுடன் வீடு வீடாகச் செல்கிறார்கள். கூட ஆடிய இருவர் உறுதிப்படுத்தினால் மட்டுமே ஒரு பெயரை ஏற்றுக்கொள்வது என்று விதி வைத்தோம். இதுவரை முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. பலரை ஊரார் பட்டப்பெயரால் மட்டுமே அறிவர். முழுப்பெயர் அறிவதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. அதனால் சரிபார்க்காத எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை, மலரில் வரும்.

கேள்வி கேட்ட அந்த மாணவன் சென்ற கிழமை மூத்தவாப்பாவின் பழைய அடையாள அட்டையைக் கொண்டுவந்தான். முழுப்பெயரை எழுத்துப் பிசகாமல் அவனே பட்டியலில் எழுதினான். எத்தனையாம் இலக்கச் சீருடை என்று கேட்டான். அந்நாளில் எங்கள் கழகத்தின் சீருடையில் இலக்கமே இருக்கவில்லை என்றேன்.