குழிக்கு வெளியே நிற்பவன்

போரில் மாண்ட வீரருக்கு நடுகல் எழுப்பும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. கழிவுநீர்க் குழியில் மாண்டவருக்கும் அத்தகைய நினைவுச் சின்னம் எங்கேனும் உண்டோ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. லண்டன் மாநகரில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்னும் சிறு பூங்கா ஒன்று இருக்கிறது. பிறரைக் காக்க முயன்று உயிர் துறந்த எளிய மக்களுக்காக, வாட்ஸ் என்னும் ஓவியர் 1900-ஆம் ஆண்டில் அங்கே ஒரு நினைவுச் சுவர் அமைத்தார். அச்சுவரில் பதித்த ஓடுகளில் ஒன்று நான்கு தொழிலாளரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

1895 ஜூலை முதல் நாள், ஈஸ்ட் ஹாம் என்னும் ஊரின் கழிவுநீர் நிலையத்தில் ஒரு தொழிலாளி குழிக்குள் விழுந்தார். அவரை மீட்க ஒருவர் இறங்கினார், பின்னர் மற்றொருவர், இவ்வாறே நால்வர். ஐவருமே மாண்டனர். ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர் இச்சாவுகளை ஆராய்ந்து, அவர்களைக் கொன்றது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எனக் கண்டார்.

இந்த வாயுவின் வஞ்சகத்தை மாணவர்கள் அறிதல் வேண்டும். சிறிதளவே இருக்கும்போது இது அழுகிய முட்டைபோல் நாறும். காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டியதும் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நீங்கியது என்று எண்ணித் துணிந்து இறங்குபவன், உண்மையில் மிகக் கொடிய காற்றுக்குள் இறங்குகிறான்.

லண்டன் செய்தியை நமக்கு ஏன் கூற வேண்டும்? பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது நசரத்பேட்டை. அந்தச் சாலையிலேயே இன்னும் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். அதனை அடுத்த நெமிலியில், 2019 மார்ச் மாதத்தில், ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் அறுவர் மாண்டனர். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காக்க மற்றவர் ஒருவர்பின் ஒருவராய் இறங்கினர். நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தும் அதே துயரம், அதே முறையில் நிகழ்ந்தது.

அது பழைய தொட்டி. புதுத் தொட்டிக்கு அச்சம் இல்லை என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழையானது. வெளிவட்டச் சாலை வந்து சேரும் நசரத்பேட்டையைச் சுற்றி இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்ச் சம்பும் கழிவுநீர்த் தொட்டியும் உண்டு. மேல்தளத்திற்குக் கான்கிரீட் இட்டபின், சென்டரிங் பலகைகளும் முட்டுகளும் பல நாள் உள்ளேயே இருக்கும். ஈரப் பலகை மக்கும்போது நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடும். ஒரு துளிக் கழிவும் விழாத தொட்டி இவ்வாறே உயிர்கொல்லியாகிறது. வெளிக்காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு பிராணவாயு உண்டு. அது 6 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், ஒரு நிமிடத்திற்குள் நினைவு தவறும். கூவி அழைக்கவும் நேரம் இராது.

பாழுங்கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். பிராணவாயு 17 விழுக்காடு அளவிற்குக் குறையும்போது சுடர் அணையும். ஆதலின் அவ்வழக்கத்தில் அறிவு உண்டு. எனினும் ஹைட்ரஜன் சல்பைடு கொல்லும் அளவில் இருக்கும்போதும் சுடர் எரியக்கூடும். மீத்தேன் இருந்தாலோ குழியே வெடிக்கும். ஆகவே இக்காலத்தில் விளக்கிற்கு மாறாக வாயு அளக்கும் கருவியை இறக்க வேண்டும். விசிறி கொண்டு புதுக்காற்றைச் செலுத்த வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் நம் தொழிற்சாலைச் சட்டம் இதனைத் தெளிவாகவே வகுத்தது. தகுதியுடையவர் காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். அன்றேல், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடைவாரில் கயிறு பிணைத்திருக்க வேண்டும். அக்கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. கட்டடத் தொழிலாளர்க்கென 1996-இல் தனிச் சட்டம் வந்தது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாக்கடையில் மாண்டோர் குடும்பத்திற்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் இழப்பீடு உயிராகாது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் ஓர் உண்மையை வெளியிட்டது. இத்தகைய இடங்களில் மாண்டோருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் பிறரைக் காக்க இறங்கியவர்களே! இரக்கமே அவர்களைக் கொன்றது என்று சொல்லத் தோன்றும். நான் அவ்வாறு சொல்லேன். கயிறு இல்லாமையே கொன்றது. கயிறு கட்டி இறங்கியவரை, மேலே நிற்பவர் தாம் இறங்காமலேயே இழுத்துவிடலாம். கயிறு இல்லாதபோதுதான் அன்பு குழிக்குள் குதிக்கிறது.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் வீடு கட்டுவீர்கள். தொட்டிக்குள் ஒருவர் விழக் கண்டால், உரக்கக் கூவுங்கள். 101-ஐ அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழையுங்கள். விசிறியால் காற்றைச் செலுத்துங்கள். ஆனால் இறங்காதீர்கள், பிறரையும் இறங்க விடாதீர்கள். வெளியே உறுதியுடன் நிற்பதும் வீரமே.