ஒரு கணினி, பல பணிசெயல் முறைமைகள்: ஒரு வரலாற்று நோக்கு

பெருந்தோட்ட வாழ்வை அறிந்தோர் பெரட்டுக்களத்தை அறிவர். விடியற்பொழுதில் தொழிலாளர் அங்கு கூடுவர். செக்ரோலில் உள்ள பெயர்களின்படி அன்றைய வேலை பகிர்ந்தளிக்கப்படும். லயத்தில் எத்தனை பேர் வாழ்ந்தாலும் பெரட்டில் பெயர் விழுந்தவருக்கே அன்றைய வேலை. ஏனையோர் இருந்தும் இல்லாதவரே. கணினி ஒவ்வொரு முறையும் உயிர்பெறும்போது இதனையொத்த பெரட்டொன்று அதனுள்ளும் நடைபெறுகின்றது. அதில் எவரது பெயர் அழைக்கப்படுகின்றது, பெயர்ப்பட்டியல் எவர் கையில் இருக்கின்றது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

2009ஆம் ஆண்டளவில் கொஸ்லந்தையை அண்டிய தோட்டப் பாடசாலையொன்றில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று இந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. அப்பாடசாலை ஆசிரியர் ஒருவர், அந்நாளில் தபால் மூலம் இலவசமாக அனுப்பப்பட்டு வந்த உபுண்டு லினக்ஸ் இறுவட்டொன்றைப் பெற்று, அங்கிருந்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்பீக்குப் பக்கத்தில் அதனையும் நிறுவியிருந்தார். மாணவர் தம் தமிழ்க் கட்டுரைகளை லினக்ஸ் பகுதியிலேயே தட்டெழுதிச் சேமித்து வந்தனர். சில மாதங்களின் பின் விண்டோஸ் பழுதுற, அதனைத் திருத்த வந்தவர் மீள நிறுவிவிட்டுச் சென்றார். மறுநாள் கணினி நேராக விண்டோசிலேயே திறந்தது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் தோன்றவில்லை. எல்லாம் அழிந்துவிட்டதென்று மாணவர் கலங்கினர். உண்மையில் எதுவும் அழிந்திருக்கவில்லை. கட்டுரைகள் வன்தட்டில் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்குச் செல்லும் வாசல் மட்டுமே அடைபட்டிருந்தது.

அழிவதற்கும் அடைபடுவதற்கும் உள்ள இவ்வேறுபாட்டிலேயே பல்முறைமைக் கணினியின் வரலாறு தங்கியுள்ளது எனலாம். பல முறைமைகள் ஒரு கணினியில் கூடி வாழ்வதற்கு இடம் பெருந்தடையாக இருந்ததில்லை. வாசலே என்றும் பிணக்குக்குரியதாயிற்று.

தொடக்க காலம்

ஓர் இயந்திரத்தில் பல பணிசெயல் முறைமைகளை இயக்கும் எண்ணம் புதியதன்று. 1960களில் ஐ.பீ.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தில் உருவான சீ.பீ.-40, அதன் வழிவந்து 1972இல் அறிவிக்கப்பட்ட வீ.எம்./370 ஆகியன ஒரே பெருங்கணினியைப் பல கணினிகள் போலத் தோற்றச்செய்து, ஒரே வேளையில் பல முறைமைகளை இயக்கின. ஆனால் அத்தகைய ஆற்றல் சிறு கணினிகளுக்கு அன்று இருக்கவில்லை. அவற்றுக்கு இயன்றது ஒரு வேளைக்கு ஒரு முறைமை மாத்திரமே. எனவே எதனை எழுப்புவது என்ற தெரிவு கணினி தொடங்கும் கணத்திலேயே செய்யப்பட வேண்டியதாயிற்று.

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பீ.எம். தன் தனியாள் கணினியை அறிவித்தபோது, அதற்குரியனவாக மூன்று முறைமைகள் பெயர் குறிக்கப்பட்டன: பீசி டொஸ், சீ.பீ./எம்.-86, யூ.சீ.எஸ்.டி. பீ-சிஸ்டம். அக்கணினியில் வன்தட்டு இருக்கவில்லை. எந்த முறைமை வேண்டுமோ அதற்குரிய நெகிழ்வட்டை நுழைத்துக் கணினியைத் தொடங்குவதே வழக்கம். தெரிவு பயனரின் விரல்களில் இருந்தது. ஒரு முறைமை மற்றொன்றின் வாசலை அடைக்க வழியே இருக்கவில்லை. எனினும் விலை தன் வேலையைச் செய்தது. பீசி டொஸ் 40 டொலருக்கும், சற்றுப் பிந்தி வந்த சீ.பீ./எம்.-86 240 டொலருக்கும் விற்கப்பட்டன. எது நிலைத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

512 பைட்டு வாசல்

1983 மார்ச்சில் 10 மெகாபைட்டு வன்தட்டுடன் பீசி எக்ஸ்.டி. வெளிவந்தது. அதனுடன் வந்த பீசி டொஸ் 2.0, வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வன்தட்டின் முதற் கூறான 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் ஒரு சிறு செய்நிரலுக்கும், 64 பைட்டுகள் பகுதிகளின் அட்டவணைக்கும், இறுதி 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. அட்டவணையில் நான்கு வரிகள். ஒவ்வொரு வரியும் 16 பைட்டு. ஒவ்வொன்றும் ஒரு பகுதியின் தொடக்கம், அளவு, வகை ஆகியவற்றைக் குறித்தது. நான்கில் ஒன்று மட்டும் "செயற்படுநிலை" எனக் குறியிடப்படும். கணினி எழும்போது அச்சிறு செய்நிரல் அட்டவணையைப் பார்த்துக் குறியிடப்பட்ட பகுதியை அழைக்கும்.

தோட்டத்து மொழியிற் கூறுவதாயின், வன்தட்டு ஒரு லயம், பகுதிகள் அதன் காம்பராக்கள், அட்டவணையே செக்ரோல். வெவ்வேறு முறைமைகள் ஒரே வன்தட்டைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் இவ்வமைப்பிலேயே பொதிந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கூடி வாழ்தல் பின்னாளில் எவரோ குறுக்குவழியில் கண்டுபிடித்த தந்திரமன்று. எனினும் அவ்வமைப்பில் ஒரு குறை இருந்தது. 446 பைட்டுச் செய்நிரலை எவரும் எழுதலாம். ஆகவே எவரும் அழித்தெழுதலாம். இறுதியாக நிறுவப்பட்டவர் கையிலேயே வாசல் தங்கிற்று.

தொடக்கிகளின் தோற்றம்

1990களில் முறைமைகள் பெருகின. 1991இல் ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சின் கருவை வெளியிட்டார். 1992இல் வெளிவந்த ஓ.எஸ்./2 இன் 2.0 பதிப்பு, தொடக்கத்தில் முறைமையைத் தெரிவுசெய்ய உதவும் செய்நிரலொன்றைத் தன்னுடன் கொண்டிருந்தது. 1993இல் வந்த விண்டோஸ் என்.டீ. தன்னையும் டொஸ் முறைமையையும் காட்டும் பட்டியலொன்றை அளித்தது. லினக்ஸ் பயனருக்கு வேர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்னும் தொடக்கி கைகொடுத்தது.

லிலோ எளியது, அதனாலேயே எளிதில் இடறுவதுமாகும். லினக்சின் கரு வன்தட்டில் எந்தெந்த இடங்களில் உள்ளதென்பதை அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கருவைப் புதுப்பித்தவர் லிலோவை மீண்டும் இயக்க மறந்தாராயின், மறுமுறை கணினி எழாது. இக்குறையைக் களைந்தது கிரப். 1995இல் எரிக் பொலெய்ன் என்பவர் குனு ஹேர்ட் முறைமையைத் தொடக்கும் முயற்சியில் இதனை எழுதத் தொடங்கினார். கோப்பமைப்பைத் தானே வாசித்தறியும் ஆற்றல் பெற்றிருந்தமையால், கரு எங்கிருந்தாலும் பெயரைக் கொண்டு அதனைத் தேடி எழுப்ப கிரப்பினால் இயன்றது. விண்டோஸ் போன்ற பிற முறைமைகளைப் பொறுத்தமட்டில், அவற்றின் சொந்தத் தொடக்கச் செய்நிரலிடம் பொறுப்பைக் கையளித்துத் தான் விலகிக்கொண்டது.

இங்கு ஒரு சமனின்மை தோன்றிற்று. லினக்ஸ் இறுதியாக நிறுவப்பட்டால் அதன் தொடக்கி விண்டோசுக்கும் வழிவிட்டது. விண்டோஸ் இறுதியாக நிறுவப்பட்டாலோ அதன் நிறுவுகை, வாசலிலிருந்த செய்நிரலை வினவாமலே மாற்றியெழுதியது. முதலில் விண்டோஸ், பின்னர் லினக்ஸ் என்ற நிறுவல் ஒழுங்கு பயனரிடையே மரபாகியதற்கு இதுவே காரணம். கொஸ்லந்தைப் பாடசாலையில் நிகழ்ந்ததும் இதுவே.

பட்டியலில் இடம்பெறாத பெயர்

இச்சமனின்மை தொழினுட்பத்தோடு நின்றுவிடவில்லை. ஜோன் லூயி கசே நிறுவிய பீ நிறுவனத்தின் பீஓஎஸ் முறைமை 1990களின் பிற்பகுதியில் விண்டோசுக்கு அருகே ஓரிடம் தேடிற்று. ஹிட்டாச்சி நிறுவனம் தன் கணினிகள் சிலவற்றில் அதனை விண்டோசுடன் சேர்த்து நிறுவி விற்றது. ஆனால் கணினி தொடங்கும்போது பீஓஎசின் பெயர் எங்கும் தோன்றவில்லை. தனியான வழிமுறையொன்றைப் பின்பற்றினாலன்றி வாங்கியவர் அதனைக் காண இயலாது. கணினி உற்பத்தியாளருடன் மைக்ரோசொப்ட் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்பது பீ நிறுவனத்தின் குற்றச்சாட்டு. 2002 பெப்ரவரியில் அது வழக்குத் தொடுத்தது. 2003 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் தவறெதனையும் ஏற்காமலே 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து இணக்கங்கண்டது. அதற்குள் பீ நிறுவனம் தன் உடைமைகளை விற்றுத் தொழிலைக் கைவிட்டிருந்தது. காம்பரா கிடைத்தும் செக்ரோலில் பெயரில்லாத குடியானவனின் நிலையே பீஓஎசுக்கு நேர்ந்தது.

பின்னர் வாசலின் அமைப்பே மாறிற்று. யூஈஎப்ஐ என்னும் புதிய முறையில், ஒவ்வொரு முறைமையின் தொடக்கியும் தனிப் பகுதியொன்றில் தனித்தனிக் கோப்பாக அமர்ந்தது. ஒன்றையொன்று அழித்தெழுத வேண்டிய நிலை பெருமளவு நீங்கியது. நான்கு வரி அட்டவணைக்குப் பதிலாக 128 வரிகள் கொள்ளும் அட்டவணை வழக்குக்கு வந்தது. ஆயினும் 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவலான "பாதுகாப்பான தொடக்கம்", கையொப்பமிடப்படாத செய்நிரலை வாசலிலேயே தடுத்தது. தீய செய்நிரல்களைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலான கணினிகளில் ஏற்கப்பட்ட கையொப்பம் மைக்ரோசொப்ட்டினுடையது. லினக்ஸ் சார்ந்தோர் ஷிம் என்னும் சிறு செய்நிரலுக்கு அக்கையொப்பத்தைப் பெற்று, அதன்வழி உட்புகுந்தனர். 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் பாதுகாப்பு இற்றைப்படுத்தலொன்றின் பின், இரு முறைமைகள் கொண்ட கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது. அத்தகைய கணினிகளைத் தவிர்க்கவே அது வகுக்கப்பட்டிருந்தும், பலவற்றை அடையாளங்காணத் தவறியது. அமைப்பு மாறினும் வாசற்பிணக்கு ஓயவில்லை என்பதற்கு இது சான்று.

தமிழ்ச் சூழல்

இவ்வரலாறு தமிழருக்கு அயலானதன்று. 1990களின் இறுதியிலிருந்தே ஆர்வலர்கள் லினக்சின் மேசைத்தளங்களைத் தமிழாக்க முனைந்தனர். எவரது அனுமதிக்கும் காத்திராமல் தமிழைப் புகுத்தத்தக்க முறைமையாக அது இருந்தமையே காரணம். தமிழ்நாட்டில் 2011 செப்டெம்பர் 15ஆம் திகதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகள், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்சையும் தாங்கி வந்தன. இலட்சக்கணக்கான தமிழ் மாணவர் தெரிவுப் பட்டியலொன்றைத் தம் சொந்தக் கணினியில் முதன்முதலாகக் கண்டது அப்போதே எனலாம். இலங்கையில் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் சஹானாவை உருவாக்கினர். பேராதனையை அண்டிய மலைத்தொடரின் பெயரால் ஹந்தான லினக்ஸும் வெளிவந்தது.

வசதி குறைந்த பாடசாலைக்கு இரு முறைமை ஆடம்பரமன்று. பழகியதைக் கைவிடாமலே புதியதைக் கற்பதற்கு அது வழி. இரண்டு கணினி வாங்க இயலாதவருக்கு ஒன்றே இரண்டாகும் வழி. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான இலவசப் பொது ஆதரவு முடிவடைந்துள்ளது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினிகள் தோட்டப் பாடசாலைகளில் ஒதுக்கப்படாமல், லினக்சுடன் மேலும் சில ஆண்டுகள் பயன்தர இயலும்.

முடிவுரை

கொஸ்லந்தை மாணவரின் கட்டுரைகள் இறுதியில் மீண்டன. அதே உபுண்டு இறுவட்டிலிருந்து கணினியைத் தொடக்கி, அவர்தம் கோப்புகளை ஆசிரியர் முதலிற் பிரதிசெய்தார். பின்னர் கிரப்பை மீண்டும் வாசலில் அமர்த்தினார். அரை மணி நேரப் பணி. திருத்த வந்தவர் தீங்கு எண்ணியவரல்லர். வாசலொன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே இரு முறைமைகளை நிறுவ விழையும் மாணவர் முதலில் தம் கோப்புகளை வேறிடத்திற் பிரதிசெய்து வைத்தல் வேண்டும். மீட்பு வட்டொன்றைக் கைவசம் கொள்ளல் வேண்டும். வாசலில் நிற்பது எது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். நாற்பதாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு கற்பிப்பது இதுவே: ஒரே கூரையின் கீழ் பலர் வாழ இடமளித்தல் மட்டும் போதாது, காலையில் பெயர் வாசிக்கும் பட்டியல் வாழ்வோர் அனைவருக்கும் பொதுவாதல் வேண்டும். அதனைப் பேணும் அறிவு நம் மாணவர் கையில் இருக்குமாயின், அடைபட்ட வாசலைக் கண்டு அழிந்ததென்று அவர் கலங்கார்.