காம்பஸுக்கு அடங்காத வட்டம்

ஃபியூச்சுரா எழுத்துருவைக் காம்பஸும் ஸ்கேலும் இருந்தால் வரைந்துவிடலாம் என்று சொல்கிறவர்களிடம் நான் ஒரு வேலை கொடுப்பேன்: அதன் போல்டில் சின்ன ‘பி’யைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். வயிறு வந்து தண்டோடு சேரும் இடத்தில் கோடு இளைத்திருக்கும். இளைக்காவிட்டால் இரண்டு கனமும் கூடி மூலை கறுத்துப்போகும். ஈய எழுத்துக் காலத்தில் மையும் அங்கேதான் தேங்கும். படுக்கைக் கோடுகளும் நெடுங்கோடுகளைவிடச் சற்று மெல்லியவை. ஒரே கனத்தில் போட்டால் படுக்கைக் கோடு தடித்ததாகத் தெரியும். அசல் போல்டு கைவசம் இல்லாமல், மென்பொருளை விட்டுத் தடிக்க வைக்கிறவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். அது சுற்றிலும் ஒரே அளவுக்குச் சதை போட்டு, எழுத்தின் உள்வெளியை அடைத்துவிடும்.

இதையெல்லாம் கண்ணால் அளந்தவர் பால் ரென்னர். 1878இல் பிறந்த ஜெர்மானியர், புத்தக வடிவமைப்பாளர். பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியோடு அவரைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அவர் அங்கே வேலை பார்த்ததே இல்லை. அவருடைய ஆரம்ப வரைவுகளில் சின்ன ‘ஆர்’ என்பது ஒரு தண்டும் ஒரு புள்ளியும்தான். ஃபிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் 1927இல் ஃபியூச்சுராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, இப்படிப்பட்ட விசித்திரங்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிட்டன. பெரிய எழுத்துகளின் அளவுகளோ பழைய ரோமானியக் கல்வெட்டு வழி: ‘ஓ’ அகலம், ‘ஈ’யும் ‘எஃப்’பும் ஒடுக்கம். புதுமை என்று கொண்டாடப்பட்ட எழுத்துக்குள் இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கு இருக்கிறது.

நாஜிகளின் பண்பாட்டு அரசியலைக் கண்டித்து ரென்னர் 1932இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடுத்த வருஷம் அவரைக் கைது செய்தார்கள். மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவியும் போயிற்று. அவருடைய எழுத்தை மட்டும் அவர்களால் ஒதுக்க முடியவில்லை. ஜெர்மானிய மரபு என்று தூக்கிப்பிடித்த ஃப்ராக்டுர் எழுத்தையே 1941 ஜனவரியில் ‘யூத எழுத்து’ என்று பழிசொல்லி, ஒரு சுற்றறிக்கையில் கைவிட்டார்கள்.

போருக்குப் பிறகு ஃபியூச்சுராவுக்கு அமெரிக்காவில் நல்ல காலம். 1959இல் தொடங்கிய வோக்ஸ்வாகன் கார் விளம்பரங்களில் அது வந்தது. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த உலோகப் பலகையிலும் அதே எழுத்துதான். பத்திரிகை வடிவமைப்பிலிருந்து கலைக்கு வந்த பார்பரா க்ரூகர், கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் சிவப்புப் பட்டை போட்டு, அதில் வெள்ளை நிறச் சாய்வு போல்டில் வாசகம் வைத்தார். சாமான் விற்கப் பழகிய எழுத்தைக் கொண்டே, விற்கிறவர்களையும் ஆள்கிறவர்களையும் கேள்வி கேட்டார். அதே வேலை சிறு அட்டையிலும் வரும், சுவர் அளவுக்கும் பெருகும். இரண்டிலும் எழுத்து தெளிவாக நிற்கக் காரணம், ரென்னர் தண்டோரத்தில் விட்டுக்கொடுத்த அந்த மயிரிழைக் கனம்தான்.